அம்மாவின் இஎஸ்ஆரும் அதற்கு மேல் வரிசையில் இருந்த எண்ணும்

அம்மாவுக்கு முட்டிவலி வந்து நாலு வருஷம் இருக்கும். கம்பத்தில்தான் வீடு. இளவயதில் விடியற்காலை ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய் வந்தவர். மேட்டிலும் சரிவிலும் இருபது வருஷம் ஏறி இறங்கிய முட்டி தேயாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வலிக்காக ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். ரிப்போர்ட் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரே ஒரு வரியில்தான் தடித்த எழுத்தும் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் இருந்தன: இஎஸ்ஆர் 32. இருக்க வேண்டியது 0 முதல் 20 வரை. “ரத்தத்துல வாதம் இருக்காம் தம்பி, மாத்திரை குடுத்திருக்காங்க” என்றார் அம்மா. நானும் கூகுளில் தேடினேன். இஎஸ்ஆர் கூடினால் உடம்பில் அழற்சி என்று பத்துப் பக்கங்கள் ஒரே மாதிரி சொல்லின. சரி, வாதம்தான் போல என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒன்றரை வருஷத்தில் இன்னும் மூன்று ரிப்போர்ட். இஎஸ்ஆர் 44, 58, 66. ஒவ்வொரு முறையும் ‘வாதம் கூடிருச்சு’, ஒவ்வொரு முறையும் வலி மாத்திரை கொஞ்சம் கூடுதல். அம்மா ஆள் வெளுத்துப்போய், வாசலுக்கு வந்தாலே மூச்சு வாங்குகிற நிலைமை. கடைசியில் தேனியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் நட்சத்திரம் போட்ட வரியைப் பார்க்கவே இல்லை. விரலை அதற்கு மேலே வைத்தார். “ஹீமோகுளோபின் 7.8 இருக்கே, இதை யாரும் சொல்லலையா? என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? மலம் கறுப்பா போகுதா?”

போயிருக்கிறது. அம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை. எண்டோஸ்கோபியில் வயிற்றுப் புண் தெரிந்தது. வலி மாத்திரையால் வந்த புண், அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தக் கசிவு. சிஆர்பி என்கிற இன்னொரு அழற்சிச் சோதனையும் எடுத்தார்கள். அது இயல்பாக இருந்தது. முட்டியில் இருந்தது வெறும் தேய்மானம்.

அன்றிரவு நாலு ரிப்போர்ட்டையும் ஒரு எக்செல் ஷீட்டில் போட்டேன். இஎஸ்ஆர் 32, 44, 58, 66. ஹீமோகுளோபின் 11.4, 10.2, 8.9, 7.8. ஒன்று ஏற ஏற மற்றொன்று இறங்கியிருக்கிறது. இரண்டும் ஒரே தாளில்தான் இருந்தன. தினமும் சர்வர் லாக் பார்த்துச் சம்பளம் வாங்குகிற எனக்கு இது கண்ணில் படவில்லை. அதனால் இந்தக் கட்டுரை அந்த கிளினிக்கைத் திட்டுவதற்காக அல்ல. அந்த ஒரு வரியை ஒரு எழுத்தாக எடுத்துக்கொண்டு, அது என்ன சொல்கிறது, எதை மறைக்கிறது என்று விமர்சிக்கிற முயற்சி. நான் டாக்டர் இல்லை. பி.இ. படித்தவன், படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

தேத்தாங்கொட்டையும் ஃபைப்ரினோஜனும்

ஜூன் மாதம் பெரியாறு தண்ணீர் திறந்துவிட்டதும், எங்கள் பக்கம் ஆற்றில் புதுத்தண்ணீர் கலங்கலாக வரும். ஒரு குடத்தில் பிடித்து வைத்தால் மறுநாள் வரை கலங்கலாகவே இருக்கும். பாட்டி குடத்தின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையைத் தேய்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார். கொஞ்ச நேரத்தில் வண்டல் அடியில் இறங்கிவிடும்.

இதில் நடப்பது என்ன? மண் துகள்களின் மேல் எதிர்மின் தன்மை இருக்கிறது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, தனித்தனியாக மிதக்கின்றன. தேத்தாங்கொட்டையில் இருக்கிற நீளமான மூலக்கூறுகள் துகள்களைக் கோத்துக் கட்டியாக்குகின்றன. கட்டி பெரிதானால் வேகமாக இறங்கும்.

ரத்தத்திலும் கிட்டத்தட்ட இதே கதை. சிவப்பணுக்களின் மேற்பரப்பில் சியாலிக் அமிலம் இருப்பதால் எதிர்மின் தன்மை. அதனால் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகி நிற்கும். உடம்பில் எங்காவது அழற்சி வந்தால், கல்லீரல் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது. நீளமான புரதம். அது கூடும்போது, சிவப்பணுக்கள் ஒரு ரூபாய்க் காசுகளை அடுக்கி வைத்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. பாலம் போட்டுச் சேர்க்கிறதா, அல்லது இடையில் இருந்து விலகி நின்று அணுக்களை நெருங்க வைக்கிறதா என்பதில் இரண்டு விளக்கங்கள் உண்டு. எப்படியானாலும் விளைவு ஒன்றுதான்: அடுக்கு பெரிதாகும், வேகமாக இறங்கும்.

எவ்வளவு வேகமாக? ஸ்டோக்ஸ் விதிப்படி, திரவத்தில் இறங்குகிற உருண்டையின் வேகம் அதன் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எட்டு அணுக்கள் சேர்ந்து ஒரு உருண்டை ஆனதாக வைத்துக்கொள்ளுங்கள். கன அளவு எட்டு மடங்கு, ஆரம் இரண்டு மடங்கு, வேகம் நாலு மடங்கு. ஆயிரம் அணுக்கள் சேர்ந்தால் ஆரம் பத்து மடங்கு, வேகம் நூறு மடங்கு. நிஜத்தில் அடுக்குகள் உருண்டை இல்லை, தோராயக் கணக்குதான். ஆனால் பிளாஸ்மாவில் ஒரு புரதம் இரண்டு மூன்று மடங்கு கூடினாலே குழாயில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் ஏன் வருகிறது என்பது இதில் புரிந்துவிடும்.

ஆக, இஎஸ்ஆர் அழற்சியை நேரடியாக அளப்பதில்லை. அழற்சியால் கல்லீரல், அதனால் புரதம், அதனால் அடுக்கு, அதனால் இறக்கம் என்று நாலு படி தள்ளி நின்று பார்க்கிறது. நடுவில் எந்தப் படியில் யார் கை வைத்தாலும் கடைசி எண் மாறும்.

பெயரிலேயே ஒரு தவறு

முதல் விமர்சனம் அலகு மேல். ரிப்போர்ட்டில் ‘மணிக்கு மி.மீ.’ என்று போடுகிறார்கள். பைக் ஸ்பீடோமீட்டர் மாதிரி இது வேகம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெயரிலும் ‘வீதம்’ இருக்கிறது. தமிழில் மொழிபெயர்க்கிறவர்களும் படிவு வீதம், படிதல் வேகம் என்று அதே தவறைத் தமிழாக்கி வைத்திருக்கிறார்கள்.

உண்மையில் இது ஒரு மணி நேரம் முடிந்ததும் எடுக்கிற ஒரே ஒரு தூர அளவு. வெஸ்டர்கிரென் முறையில், நாலு பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சோடியம் சிட்ரேட் கரைசல் சேர்த்து, 200 மி.மீ. குறியிட்ட குழாயில் நிறுத்தி வைப்பார்கள். முதல் பத்து நிமிஷம் பெரிதாக எதுவும் நடக்காது, அணுக்கள் அடுக்காகிக்கொண்டிருக்கும். அடுத்த நாற்பது நிமிஷம் வேகமாக இறங்கும். கடைசிப் பத்து நிமிஷம் அடியில் நெருக்கிப் படியும். இந்த மூன்று கட்டத்தையும் சேர்த்து, மேலே தெளிந்து நிற்கிற மஞ்சள் பிளாஸ்மாவின் உயரத்தை ஸ்கேலில் படிக்கிறார்கள். அரை மணியில் படித்து இரண்டால் பெருக்கினால் அதே எண் வராது. ஒரு மணி நேரம் காத்திருக்காமல் கணக்கிட்டுச் சொல்கிற மெஷின்களும் இப்போது உண்டு. இரண்டு லேப், இரண்டு முறை என்றால் எண்களை ஒப்பிடும்போது கவனம் வேண்டும்.

குழாயை வைக்கிற விதமும் முக்கியம். செங்குத்தாக நிற்க வேண்டும். மூன்று டிகிரி சாய்ந்தாலே இஎஸ்ஆர் சுமார் 30 சதவீதம் வரை கூடலாம் என்று பாடப்புத்தகங்கள் எச்சரிக்கின்றன. அறையின் வெப்பம் 18 முதல் 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும், கூடினால் எண்ணும் கூடும். சித்திரை மாத மதியத்தில், ஏசி இல்லாத ஒரு சின்ன லேபில் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். எடுத்த ரத்தத்தை நாலு மணி நேரத்துக்குள் குழாயில் ஏற்ற வேண்டும் என்பதும் விதி. நேரம் ஆக ஆக அணுக்கள் தட்டை வடிவம் போய் உருண்டையாகின்றன. உருண்டைகளைக் காசு மாதிரி அடுக்க முடியாது, எண் பொய்யாகக் குறையும். கம்பத்திலிருந்து தேனி 40 கிலோமீட்டர் போல. ரத்தம் எடுத்த இடம் ஒன்று, சோதிக்கிற இடம் வேறு என்றால், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், எத்தனை மணிக்கு ஏற்றினீர்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை.

1897-லேயே தெரிந்த விஷயம்

ரத்தம் படிவதைப் பார்த்து நோயைக் கணிக்கிற பழக்கம் ரொம்பப் பழசு. கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்து வைத்த ரத்தம் அடுக்கடுக்காகப் பிரிவதைப் பார்த்துத்தான் பழைய கிரேக்கர்களுக்கு ‘நான்கு திரவங்கள்’ என்ற கொள்கையே தோன்றியிருக்கும் என்று ஸ்வீடன் ஆய்வாளர் ராபின் ஃபோரேயஸ் 1921-இல் எழுதினார். அவர்தான் 1918-இல் கர்ப்பிணிகளின் ரத்தம் வேகமாகப் படிவதைக் கவனித்தவர். அதே ஸ்வீடனில் ஆல்ஃப் வெஸ்டர்கிரென், 1921-இல் காசநோயாளிகளிடம் இதைச் சோதித்து எழுதினார். இன்றைய குழாய் அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஆனால் அவர்களுக்கும் முந்தியவர் போலந்து மருத்துவர் எட்மண்ட் பியர்நாட்ஸ்கி. 1897-இல் அவர் சொன்னவற்றில் மூன்று நமக்கு முக்கியம். ஃபைப்ரினோஜன் கூடினால் ரத்தம் வேகமாகப் படியும். காய்ச்சல் நோய்களில் இது கூடும். மூன்றாவது, அணுக்கள் குறைவாக இருக்கிற ரத்தமும் வேகமாகப் படியும்.

இந்த மூன்றாவதுதான் அம்மாவின் கதை. கம்பம் பஸ் ஸ்டாண்டில் தீபாவளிக் கூட்டத்தில் நடப்பதையும், மறுநாள் காலையில் நடப்பதையும் நினைத்துப் பாருங்கள். அணுக்கள் நெருக்கமாக இருந்தால், கீழே இறங்குகிற ஒவ்வொன்றும் தன் இடத்திலிருந்த திரவத்தை மேலே தள்ளும், அந்த எதிரோட்டம் மற்றவற்றைத் தடுக்கும். அணுக்கள் குறைந்தால் தடையும் குறையும். அழற்சியே இல்லாவிட்டாலும் இஎஸ்ஆர் ஏறும். எத்தனை ஏறும் என்று சுலபமாகக் கழித்துவிடவும் முடியாது. இரும்புச்சத்துக் குறைவால் அணுக்கள் சிறுத்துப்போனால், அது எண்ணை எதிர்ப்பக்கம் இழுக்கும். அதனால் திருத்தச் சூத்திரம் தேடுவதைவிட, ஹீமோகுளோபினைப் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் புத்திசாலித்தனம்.

நூற்றியிருபது வருஷத்துக்கு முந்தைய இந்தச் செய்தி, அம்மாவின் நாலு ரிப்போர்ட்டிலும் ஒரு வரியாகக்கூட இல்லை.

நட்சத்திரம் யாருக்காக?

இப்போது அந்த ‘0 – 20’. வயதானால் இஎஸ்ஆர் இயல்பாகவே கூடும், பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதலாக இருக்கும். 1983-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு எளிய கணக்கு வந்தது. ஆணுக்கு உச்ச வரம்பு வயதில் பாதி. பெண்ணுக்கு வயதோடு பத்தைக் கூட்டிப் பாதி. அம்மாவுக்கு முதல் ரிப்போர்ட் எடுத்தபோது 66 வயது. 76-இல் பாதி 38. அவர் எண் 32. அதாவது முதல் நட்சத்திரமே தேவையில்லாத நட்சத்திரம்! அந்த நட்சத்திரத்தில் தொடங்கியதுதான் மாத்திரை.

மற்றதெல்லாம் ஒரு வளையம். மாத்திரையால் புண், புண்ணால் கசிவு, கசிவால் சோகை, சோகையால் இஎஸ்ஆர் ஏற்றம், அந்த ஏற்றத்துக்கு இன்னும் மாத்திரை. எங்கள் தொழிலில் இதை ஃபீட்பேக் லூப் என்போம். அலாரம் அடிக்கிறதே என்று ஒரு பட்டனை அழுத்துகிறோம், அந்த பட்டன்தான் அலாரத்துக்கே காரணம்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். எல்லாருக்கும் இஎஸ்ஆர் ஏறியிருக்கும் என்று சொல்லவில்லை, லேசான சோகை பெரிதாக ஏற்றாது. ஆனால் திராட்சைத் தோட்டத்துக்கும் ஏலத்தோட்டத்துக்கும் போகிற பெண்கள் நிறைந்த ஒரு பள்ளத்தாக்கில், ஹீமோகுளோபினைப் பார்க்காமல் இஎஸ்ஆரைப் பார்த்து ‘ரத்தத்தில் கிருமி’, ‘ரத்தத்தில் வாதம்’ என்று சொன்னால், கையில் இருக்கிற நிஜ நோயை விட்டுவிட்டு இல்லாத நோய்க்கு மருந்து தருகிற வாய்ப்பு அதிகம்.

‘ரத்தத்தில் கிருமி’ என்ற அந்தச் சொல்லையும் விமர்சிக்க வேண்டும். இஎஸ்ஆர் கிருமியைப் பார்ப்பதே இல்லை. கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு, உடல் பருமன் ஆகியவற்றிலும் அது கூடும். எங்கள் ஊரில் ‘இஎஸ்ஆர் கூடினா டிபி’ என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வெஸ்டர்கிரென் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பேச்சு. காசநோயைச் சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, மரபணுச் சோதனை இவற்றால்தான் கண்டுபிடிக்கிறார்கள். இஎஸ்ஆர் இயல்பாக இருக்கிற காசநோயாளியும் உண்டு. ‘இஎஸ்ஆர் நார்மல்தானே’ என்று இருமலை விட்டுவிடுவதும் அதே தவறின் மறுபக்கம்.

அப்போ இந்தச் சோதனையே வேண்டாமா?

கோபத்தில் முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அமெரிக்காவின் ‘அமெரிக்கன் சொசைட்டி ஃபார் கிளினிக்கல் பெத்தாலஜி’யே, என்ன நோய் என்று தெரியாத நிலையில் அழற்சியைத் தேட இஎஸ்ஆர் எடுக்காதீர்கள், சிஆர்பி எடுங்கள் என்று ஆலோசனை சொல்லியிருக்கிறது. காரணம் நியாயமானது. சிஆர்பி அழற்சி தொடங்கிய சில மணி நேரத்தில் ஏறும், தணிந்ததும் சீக்கிரம் இறங்கும். ரத்தத்தில் அதன் அரைவாழ்வு சுமார் 19 மணி நேரம். ஃபைப்ரினோஜனுக்கு அது நாலு நாள் போல. அதனால் நோய் குணமான பிறகும் இஎஸ்ஆர் வாரக்கணக்கில் உயரமாகவே நிற்கும். முக்கியமாக, சோகை சிஆர்பியைக் குழப்பாது.

ஆனால் படிக்கப் படிக்க என் கோபம் தணிந்தது. இந்த மெதுவான தன்மையே சில இடங்களில் அதன் பலம். ஐம்பது தாண்டியவருக்குப் புதிதாகக் கடுமையான தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வையில் கோளாறு என்றால், தலைத் தமனியில் அழற்சி இருக்கலாம். விட்டால் கண் போய்விடும். அங்கே இஎஸ்ஆர் உடனே எடுக்க வேண்டிய சோதனை. முடக்குவாதத்தின் தீவிரத்தைக் கணக்கிடுகிற டிஏஎஸ்-28 என்ற அளவுகோலில் அதற்கு இடம் உண்டு. எலும்பு மஜ்ஜையில் வருகிற மைலோமா புற்றுநோயில், ஆன்டிபாடிப் புரதங்கள் குவிந்து அணுக்களை அடுக்குகின்றன. அங்கே சிஆர்பி சும்மா இருந்தாலும் இஎஸ்ஆர் காட்டிக்கொடுக்கும். எண் நூறைத் தாண்டினால் யாரும் அசட்டையாக இருக்கக் கூடாது. பெரும்பாலும் அதன் பின்னால் தொற்றோ புற்றுநோயோ பெரிய அழற்சியோ இருக்கும்.

மின்சாரம் வேண்டாம், விலையுயர்ந்த மெஷின் வேண்டாம், ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு கடிகாரமும் போதும். நூறு வருஷமாக ஒரு சின்ன ஊர் லேபில்கூட எடுக்க முடிந்த சோதனை அது. குழாய் பொய் சொல்லவில்லை. அம்மாவின் ரத்தம் வேகமாகப் படிந்தது உண்மை. ஏன் படிகிறது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

என்ன மாற்றலாம்?

லேப் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் இதைப் படித்தால், ஒரு சின்ன வேண்டுகோள். ரிப்போர்ட் அச்சடிக்கிற அந்தப் புரோகிராமில் வயது இருக்கிறது, ஆணா பெண்ணா என்று இருக்கிறது, பெரும்பாலும் ஹீமோகுளோபினும் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே 0 – 20 போடாமல் வயதுக்கேற்ற வரம்பைப் போடுவது பெரிய வேலை இல்லை. ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் இஎஸ்ஆர் வரியின் கீழ், ‘ரத்தசோகையிலும் இந்த எண் கூடும்’ என்று ஒரு வரி சேர்க்கலாம். ஒரு இஃப் கண்டிஷன். இருக்கிற நட்சத்திரத்தைவிட அந்த ஒரு வரி பயனுள்ளது.

நம்மைப் போன்ற வீட்டுக்காரர்களுக்கு: இஎஸ்ஆர் கூடியிருக்கிறது என்று யாராவது சொன்னால், மருந்து கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு? இந்த வயதுக்கு இது அதிகமா? சிஆர்பி பார்க்கலாமா? பதிலை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நானோ கூகுளோ இல்லை. சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் அவரிடம் காட்டுங்கள், கடையில் வாங்கிய வலி மாத்திரையையும் சேர்த்து.

அம்மா வலி மாத்திரையை நிறுத்தி, புண்ணுக்கு மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் எடுத்து ஆறு மாசம் ஆச்சு. போன வாரம் புது ரிப்போர்ட் வந்தது. இஎஸ்ஆர் 31.

“அந்த நட்சத்திரம் போயிருச்சா தம்பி?” என்று போனில் கேட்டார்.

“போகலம்மா. அங்கிட்டு 20-ன்னு போட்டிருக்கிற வரைக்கும் அது போகாது. அதுக்கு மேல இருக்கிற எண்ணைப் படி.”

கண்ணாடியைத் தேடி எடுத்து, தாளை விளக்குக்குக் கீழே பிடித்திருப்பார் போல. கொஞ்ச நேரம் கழித்துப் படித்தார். “பதினொன்னு புள்ளி ஆறு.”